36142ஆம் வேகன்: யார்டுப் புத்தகத்தில் இடம் மாறிய இரண்டு இலக்கங்களும் ரயில்வேயின் தொடக்ககாலக் கணிப்பொறியும்

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி அடைமழையில், கடலூர் முதுநகரில் சிமென்ட் மொத்த வியாபாரம் செய்துவந்த ஒருவருக்கு வரவேண்டிய மீட்டர் கேஜ் மூடு வேகன் ஒன்று, வழியிலுள்ள ஒரு சந்திப்பு நிலையத்தின் யார்டில் 19 நாள் கேட்பாரற்று நின்றது. சரக்கு ஏற்றியதற்கான ரயில்வே ரசீது, அதாவது எல்லோரும் ஆர்.ஆர். என்று சொல்லும் தாள், வங்கி வழியாக வியாபாரியின் கைக்கு வந்துசேர்ந்திருந்தது. அவர் பணத்தைக் கட்டி அதை மீட்டுக்கொண்டு தினமும் கூட்ஸ் ஷெட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ரசீதில் இருந்த வேகன் எண் 36142. எங்கள் யார்டுப் புத்தகத்தில் அந்த வண்டி 31642 என்று பதிவாகியிருந்தது. பதிந்த நம்பர் டேக்கர் நான்.

என் தவற்றுக்குச் சமாதானம் தேடி இதை எழுதவில்லை. அதற்குரிய தண்டனையை அப்போதே வாங்கியாயிற்று. ஓர் ஆண்டு இன்கிரிமென்ட் நின்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, கணக்கு வேலைக்கு மாற்றலாகிப்போன இடத்தில், அதே மாதத்துச் சரக்கு வருவாய்க்கான கணிப்பொறிப் பட்டியலைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. பட்டை பட்டையாகப் பச்சைக் கோடு போட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் அந்தத் தாளில் 36142ஆம் வேகனின் சிமென்ட் எடையும் தூரமும் கட்டணமும் ஓர் இலக்கம் பிசகாமல் ஏறியிருந்தன. வேகன் சேற்றில் நின்றுகொண்டிருந்த நாள்களில் கணிப்பொறி அதைக் கடலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கணக்கையும் முடித்திருந்தது. தாளில் ஊர் போய்ச் சேர்ந்த வண்டி தண்டவாளத்தில் போகாமல் நின்றது எப்படி என்ற கேள்வியே இந்த ஆய்வு.

யார்டில் நடந்தது

சரக்கு வண்டி யார்டுக்குள் வந்து நின்றதும் எஞ்சினிலிருந்து கடைசி பிரேக்வான் வரை ஜல்லிமேல் நடந்து, ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் வகையையும், சரக்கு இருக்கிறதா காலியா என்பதையும், பக்கவாட்டுக் கிளிப்பில் செருகியிருக்கும் லேபிளில் எழுதிய ஊரையும் குறித்துக்கொள்வது நம்பர் டேக்கரின் வேலை. நாற்பது ஐம்பது வண்டிகள் இருக்கும். செம்பழுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதிய எண், புழுதி படிந்தும் சாயம் உரிந்தும், சில இடங்களில் பழைய எண்ணின்மேல் புதிய எண் எழுதப்பட்டும் இருக்கும். ஒரு நல்ல நம்பர் டேக்கர் 8ஐயும் 3ஐயும் விரலால் தடவிப் பார்த்தே பிரித்துச் சொல்வார் என்பார்கள். அது மிகைப்பேச்சு, ஆனால் நானும் தடவிப் பார்த்திருக்கிறேன்.

அன்றைய இரவில் எண் தெளிவாகவே இருந்தது. சிக்கல் புத்தகத்தில்தான். மழையில் விரித்தால் காப்பியிங் பென்சில் எழுத்து ஊதாவாகக் கரைந்துவிடும் என்பதால், மூன்று நான்கு வண்டிகளின் எண்களை டார்ச் வெளிச்சத்தில் வாசித்து மனத்தில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு வேகனின் கூரை விளிம்புக்குக் கீழ் ஒதுங்கி மொத்தமாக எழுதினேன். எண்ணை முழுத்தொகையாக யாரும் வாசிப்பதில்லை. மூணு, ஆறு, ஒண்ணு, நாலு, ரெண்டு என்று உதிரியாகத்தான் வாசிப்போம். அப்படி வாசித்ததைப் பத்து அடி தூரம் சுமந்துகொண்டு போகும்போது, முதலும் கடைசியும் நிலைத்திருக்க, நடுவிலுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறிக்கொள்கின்றன. தவறான இலக்கத்தை எழுதுவதும் சரியான இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவதும் வெவ்வேறு வகைப் பிழைகள். இரண்டாவது வகையில் எழுதியவனுக்கு ஐயமே எழாது, ஏனென்றால் தான் பார்த்த இலக்கங்கள் அத்தனையும் தாளில் இருக்கின்றன.

லேபிள் மழையில் ஊறிக் கிழிந்துபோயிருந்தது. இதுவும் அன்றாடம் நடப்பதுதான். அப்படிப்பட்ட வண்டிக்கு, ரயிலோடு வரும் கார்டு (guard) கொண்டுவரும் சரக்குத் தாள்களில் அந்த எண்ணுக்குரிய இன்வாய்ஸைத் தேடி எடுத்து ஊரைத் தெரிந்துகொள்வது வழக்கம். 31642 என்ற எண்ணுக்கு இன்வாய்ஸ் இல்லை. 36142க்கு இன்வாய்ஸ் இருந்தது, வண்டி இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். இரவு ஷிப்டில் இருந்த டிரெயின்ஸ் கிளார்க், ஹாட் ஆக்ஸில் ஆகி வழியில் கழற்றிவிட்ட வண்டியாக இருக்கும் என்று நினைத்து 36142இன் தாளைப் ‘பின்னால் வரும்’ கட்டில் சேர்த்தார். அச்சுப்பெட்டி சூடேறி வண்டிகள் கழற்றப்படுவது அந்தக் காலத்தில் அவ்வளவு சாதாரணம் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளில்லாத 31642 ‘அன்கனெக்டட் வேகன்’ பட்டியலுக்குப் போய், கடைசி லைனில் ஒதுக்கப்பட்டது.

அதன்பிறகு கன்ட்ரோல் போனில் நடந்தது இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பையும் வேதனையையும் சேர்ந்தே தருகிறது. எங்கள் யார்டிலிருந்து, தாளில்லாத 31642 யாருடையது என்று ஒவ்வொரு நிலையமாகக் கேட்டார்கள். எல்லோரும் தெரியாது என்றார்கள். கடலூரிலிருந்து 36142 எங்கே என்று கேட்டார்கள். வரவில்லை என்று நாங்கள் சொன்னோம். ஒரே வண்டியைப் பற்றிய இரண்டு விசாரணைகள் ஒரே கம்பியில் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று கடந்துபோயின.

பத்தொன்பதாம் நாள், வண்டிகளைப் பரிசோதிக்கும் டி.எக்ஸ்.ஆர். ஒருவர், கதவின் கீல் பழுதென்று குறிப்பெழுதித் தம் புத்தகத்திலிருந்து எண்ணை வாசித்தார். மூணு, ஆறு, ஒண்ணு என்று அவர் தொடங்கியதுமே எனக்குக் கை நடுங்கிவிட்டது. வண்டியைத் திறந்தபோது, அந்தக் கதவோரத்தில் தண்ணீர் இறங்கிய பக்கத்து மூட்டைகளின் கீழ் அடுக்குகள் கல்லாக இறுகியிருந்தன. வியாபாரி நஷ்ட ஈட்டுக்கு எழுதிப்போட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்து தனிக்கதை, இங்கே வேண்டியதில்லை.

கணிப்பொறிக்கு எட்டிய பாதை

சரக்கு ஏற்றும் நிலையத்தில் கூட்ஸ் கிளார்க் எழுதும் இன்வாய்ஸுக்குப் பல படிகள் உண்டு. ஒன்று வண்டியோடு போகும். ஒன்று அனுப்புநருக்கு ரசீதாகும். ஒன்று நிலையத்திலேயே தங்கும். கணக்குப் படி தபால் கட்டில் கட்டப்பட்டுப் போக்குவரத்துக் கணக்கு அலுவலகத்துக்குப் போகும். வேகன் நின்ற யார்டு இந்த நான்காவது தாளின் பாதையிலேயே இல்லை. ஏற்றுமிடத்து கிளார்க் பகல் வெளிச்சத்தில், மேசையில் அமர்ந்து, 36142 என்று சரியாக எழுதியிருந்தார். அந்தச் சரியான எண்தான் இயந்திரத்துக்குப் போயிற்று.

கணக்கு அலுவலகத்தில் தாளிலுள்ள விவரங்கள் முதலில் குறியீடுகளாக மாறும்: நிலையத்துக்கு ஓர் எண், சரக்கு வகைக்கு ஓர் எண், எடை, தூரம், கட்டணம். அவற்றைப் பன்ச் ஆபரேட்டர் ஒருவர் 80 நெடுவரிசை கொண்ட அட்டையில் துளைகளாக அடிப்பார். ஓர் இலக்கத்துக்கு ஒரு நெடுவரிசை, அதில் ஒரு துளை. அடித்த அட்டைகள் வெரிஃபையர் என்ற இன்னொரு இயந்திரத்துக்குப் போகும். வேறோர் ஆபரேட்டர் அதே தாளைப் பார்த்து அதே விவரங்களை மறுபடியும் தட்டுவார். இந்த முறை துளை விழாது. தட்டிய எழுத்தும் முன்பே விழுந்த துளையும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் இயந்திரம் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் விளக்கு எரிந்து விசைப்பலகை பூட்டிக்கொள்ளும்; மறுபடி தட்டியும் ஒத்துவராத நெடுவரிசையின் தலைமாட்டில் ஒரு வெட்டு விழும். முழு அட்டையும் சரியாக இருந்தால் வலது ஓரத்தில் சிறிய பிறைபோல் ஒரு வெட்டு. அட்டைக் கட்டை நெட்டாகப் பிடித்து ஓரத்தைப் பார்த்தால் பிறைகள் ஒரே கோடாகத் தெரியவேண்டும். எங்காவது கோடு அறுந்தால் அந்த அட்டை சரிபார்க்கப்படவில்லை என்று பொருள்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து நான் வியந்தேன், கொஞ்சம் பொறாமையும் பட்டேன். மின்விசிறிக்குக் கீழ் அமர்ந்து அடிப்பவருக்கு இன்னொருவர் காவல். நள்ளிரவு மழையில் ஒற்றை ஆளாக எண் எடுப்பவனுக்கு யாருமில்லை. வெரிஃபையரால் பிடிக்கக்கூடியது தாளுக்கும் அட்டைக்கும் இடையில் நேரும் பிழை மட்டுமே. வண்டிக்கும் தாளுக்கும் இடையில் நேரும் பிழை அதற்கு முன்பே முடிந்துபோன சமாச்சாரம்.

அட்டைகளை விழுங்கிய இயந்திரம் ஐபிஎம் 1401. 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இந்தக் கணிப்பொறி உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் புழங்கியது. 1960களில் இந்திய ரயில்வேயின் மண்டலத் தலைமையகங்களுக்கும் உற்பத்திப் பிரிவுகளுக்கும் வந்துசேர்ந்தது. அதன் மிகச் சிறிய வடிவத்தின் நினைவகம் 1,400 எழுத்துகள், மிகப் பெரியதில் 16,000. அந்தச் சிறிய வடிவத்துக்குள் இந்தக் கட்டுரையைக்கூட ஒரே தடவையில் அடக்க முடியாது. ஆனால் அட்டை வாசிப்பான் நிமிடத்துக்கு 800 அட்டை வாசித்தது, அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. சம்பளப் பட்டியல், பண்டகசாலை இருப்பு, சரக்கு வருவாய்க் கணக்கு, இயக்கப் புள்ளிவிவரம் என்று தொகுத்துக் கூட்டிப் பிரித்து அச்சிடும் வேலைகளுக்கு அது தோதானது. கட்டுக்கட்டாக வந்து, கட்டுக்கட்டாக ஓடி, மாதக் கடைசியில் பட்டியலாக வெளிவரும் முறைக்கு, ‘இந்த நிமிடம் 36142 எங்கே நிற்கிறது’ என்ற கேள்வியைக் கேட்கக்கூட வழியில்லை. ஐபிஎம் நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டுப் போனபோது பராமரிப்பு வேலை அரசு நிறுவனமான சி.எம்.சி.யின் கைக்கு வந்தது. யார்டு அதற்குப் பிறகும் நெடுநாள் பென்சிலில்தான் ஓடிற்று.

ஏன் கணக்கு முதலில், வண்டி பிறகு

இந்த வரிசை இந்தியாவில் மட்டும் ஏற்பட்டதன்று. நம்பர் டேக்கர் என்ற பதவியின் பிறப்பிலேயே அது இருக்கிறது. இங்கிலாந்தில் பல தனியார் ரயில் கம்பெனிகள் ஒன்றின் தண்டவாளத்தில் மற்றொன்றின் வண்டியை ஓட்டியபோது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க 1842இல் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். இரு கம்பெனிகளின் பாதைகள் சந்திக்கும் இடங்களில் கடந்துபோகும் வண்டிகளின் எண்ணைக் குறித்து அனுப்பியவர்களே முதல் நம்பர் டேக்கர்கள். வண்டியைக் கண்டுபிடிக்க அவர்கள் எண் எடுக்கவில்லை. காசைப் பங்கு போட எடுத்தார்கள்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு உண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் திறக்கப்பட்ட பாதையில், பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த துண்டு பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்கு உரியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு கம்பெனி, இரண்டு அரசு. அங்கே போய்வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கில் பிரிவினை இருந்தாக வேண்டும். கம்பெனிகள் பலவும் ஒன்றாகி 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே உருவான பிறகும், மண்டலத்துக்கு மண்டலம் வருவாயைப் பிரிக்கும் வேலை நீடித்தது. கணக்கு அலுவலகங்கள் பெருத்திருந்ததற்கும், இயந்திரம் முதலில் அங்கே போனதற்கும் காரணம் இதுதான்.

துளை அட்டையின் வரலாறும் ரயிலைச் சுற்றியே வருகிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இயந்திரம் செய்துகொடுத்த ஹெர்மன் ஹாலரித், அந்த யோசனைக்கு ஒரு ரயில் பயணமும் காரணம் என்று எழுதியிருக்கிறார். டிக்கெட்டைப் பிறருக்குக் கைமாற்றிவிடாமல் இருக்க, பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு ஆகியவற்றை நடத்துநர் டிக்கெட்டின் ஓரத்தில் துளையிட்டுக் குறித்ததை அவர் பார்த்திருந்தார். கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் வாடிக்கையாளரைத் தேடிப்போய் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயைப் பிடித்தார். ஆண்டுக்கு ஏறக்குறைய நாற்பது லட்சம் சரக்குத் தாள்களைக் கையால் கூட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது.

1895இல் நடந்த முதல் சோதனை தேறவில்லை. மக்கள்தொகை இயந்திரத்துக்கு எண்ணத் தெரியும், கூட்டத் தெரியாது. ஆண்கள் எத்தனை பேர், விதவைகள் எத்தனை பேர் என்று தலைகளை எண்ணுவது வேறு; 212 மணங்கு, 87 மணங்கு என்று எடைகளைக் கூட்டுவது வேறு. ஹாலரித் இயந்திரத்தில் கூட்டும் பொறியைச் சேர்த்தார், அட்டையையும் மாற்றினார். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பொருள் என்றிருந்த அட்டை, 0 முதல் 9 வரை இலக்கங்கள் அடங்கிய நெடுவரிசைகளாக மாறிற்று. 1896இல் ஒப்பந்தம் கைகூடியது. அதே ஆண்டில் அவர் தொடங்கிய கம்பெனிதான் 1911இல் வேறு கம்பெனிகளோடு இணைந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, எண்களை நெடுவரிசைகளாக எழுதும் கணிப்பொறி மரபு சரக்கு ரயில் தாளைக் கூட்டுவதற்காகப் பிறந்தது. எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு வந்த 1401, அந்தத் தாளின் பேரப்பிள்ளை. பாட்டனுக்குத் தெரியாத யார்டு பேரனுக்கும் தெரியவில்லை.

(பிரிட்டனில் லயன்ஸ் என்ற தேநீர்க்கடை நிறுவனம் தனக்கென்று கட்டிக்கொண்ட லியோ கணிப்பொறி, 1950களில் அந்நாட்டு ரயில் நிலையங்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிட்டுக் கொடுத்தது. அதுவும் கட்டணத்துக்காகத்தான்.)

வண்டியைப் பின்தொடர்ந்த இயந்திரம்

வண்டி நகரும்போதே செய்தியும் நகரவேண்டும் என்ற எண்ணத்தை முழு அளவில் செயல்படுத்தியவர்கள் அமெரிக்காவின் சதர்ன் பசிபிக் ரயில்வேயினர். ஐபிஎம்முடன் சேர்ந்து 1960களில் அவர்கள் உருவாக்கிய டாப்ஸ் என்ற முறையை பிரிட்டிஷ் ரயில் 1971இல் வாங்கி, 1973 முதல் 1975 வரை படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது யார்டு அலுவலகத்து அட்டை அடுக்கு. ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தட்டு. வேகன் லைன் மாறினால் கிளார்க் அதன் அட்டையைத் தட்டு மாற்றுவார். வண்டி புறப்பட்டால் அந்த அட்டைக் கட்டே வாசிக்கப்பட்டு, கம்பி வழியாக லண்டன் கணிப்பொறிக்குச் செய்தியாகப் போகும். தட்டில் மிஞ்சிய அட்டைக்கு வெளியே வண்டி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ பிசகு. என் காலத்து யார்டில், தாளில்லாத வண்டியும் வண்டியில்லாத தாளும் இப்படி ஒரே பலகையில் எதிரெதிரே இருந்திருந்தால், 19 நாள் என்பது ஒரு ஷிப்டாகக் குறைந்திருக்கும்.

எண் எடுப்பதற்கே ஆள் வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. கார்ட்ராக் என்ற முறையில், வேகனின் பக்கவாட்டில் நிறப் பட்டைகள் ஒட்டி, தண்டவாள ஓரத்து ஒளிப்பொறி அவற்றைப் படித்துக்கொள்ளும். அமெரிக்க ரயில்வேச் சங்கம் 1967இல் இதைத் தரமுறையாக ஏற்று, பெரும்பாலான வேகன்களில் பட்டை ஒட்டியது. பத்தே ஆண்டில் கைவிட்டது. புழுதியும் சேறும் பட்டையை மூடின. துடைக்க ஆள் போடவில்லை. டார்ச்சோடு நடக்கும் மனிதன் சேற்றைத் துணியால் துடைத்துப் படிப்பான் என்பதை யோசிக்காமல் போட்ட கணக்கு அது என்பது என் எண்ணம். தொழில் பாசம் என்று வாசகர் கழித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில், கணிப்பொறி என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது 1985இல் டெல்லியில் சி.எம்.சி. தொடங்கிவைத்த பயணிகள் முன்பதிவுதான். சரக்கு வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று கணிப்பொறியில் பின்தொடரும் ஃபாய்ஸ் முறை மெதுவாக வந்து, 2000க்குப் பிறகே பரவலாயிற்று. கடலூர் வழியே போகும் மெயின் லைன் அகலப்பாதையாகி, பழைய மீட்டர் கேஜ் மூடு வேகன்களும் போய், தனித்தனி வேகனாகச் சரக்கு அனுப்பும் வழக்கமே அருகி, முழு ரேக்காக, அதாவது ஒரு ரயில் முழுவதும் ஒரே சரக்காக, ஏற்றும் காலம் வந்துவிட்டது.

11 இலக்கமும் என் பழைய பிழையும்

இன்றைய வேகன் எண் 11 இலக்கம் கொண்டது. முதல் இரண்டு வண்டியின் வகை, அடுத்த இரண்டு உரிய ரயில்வே, அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். சோதனை இலக்கம் காணும் வழி எளியது: இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி 3ஆல் பெருக்கு, ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைச் சேர், வந்த தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கம். பெட்டிக்கடை முறுக்குப் பொட்டலத்து பார்கோடிலும் இந்த 3க்கு 1 கணக்குதான்.

எடுத்துக்காட்டாக, 31 08 06 1437 என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்கள் 1, 8, 6, 4, 7. கூட்டினால் 26, மும்மடங்கு 78. ஒற்றைப்படை இடங்கள் 3, 0, 0, 1, 3, கூட்டினால் 7. மொத்தம் 85, எனவே சோதனை இலக்கம் 5. யாராவது 1437ஐ 1347 என்று எழுதினால் மொத்தம் 83 ஆகி, 7 வரவேண்டிய இடத்தில் 5 நிற்பதால் இயந்திரம் மறுத்துவிடும். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால், அது எந்த இலக்கமானாலும், தப்ப முடியாது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பிற்பகலில் என் பழைய பிழையை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 36142: இரட்டைப்படை இடங்கள் 6, 4, மும்மடங்கு 30, மற்றவை 6, மொத்தம் 36, சோதனை இலக்கம் 4. 31642: இரட்டைப்படை இடங்கள் 1, 4, மும்மடங்கு 15, மற்றவை 11, மொத்தம் 26, சோதனை இலக்கம் 4. இரண்டும் ஒன்றே. இயந்திரம் என்னை மனமுவந்து ஏற்றுக்கொண்டிருக்கும்.

காரணம் இதுதான்: பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும்போது மொத்தம் அவற்றின் வித்தியாசத்தைப்போல் இருமடங்கு மாறும். வித்தியாசம் 5 என்றால் மாற்றம் 10. கடைசி இலக்கத்தில் அது தெரியாது. 0–5, 1–6, 2–7, 3–8, 4–9 ஆகிய ஐந்து இணைகளும் இந்தச் சல்லடையில் நழுவும். ஒன்றுக்கொன்று வேறான இரண்டு இலக்கங்கள் அடுத்தடுத்து வரும் வகைகள் 90. அவற்றில் 10 தப்பும், அதாவது ஒன்பதில் ஒன்று. மேலே காட்டிய எடுத்துக்காட்டிலேயே ஆண்டின் 6ம் வரிசை எண்ணின் 1ம் இடம் மாறினால் மொத்தம் 75 ஆகி அதே 5 நிற்கும். ஐரோப்பிய ரயில்வேக்களின் 12 இலக்க எண்ணில் வேறு கணக்கு: ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கத்தை இரட்டித்து, இரட்டித்தது பத்தோ அதற்கு மேலோ ஆனால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டிக்கொள்வார்கள். அதில் 09ம் 90ம் மட்டுமே நழுவும். அந்த முறைப்படி 36142க்கு 8 வரும், 31642க்கு 2 வரும், அன்றிரவே பிடிபட்டிருப்பேன். பெருக்குவது எளிது என்பதற்காக 3க்கு 1 முறையைத் தேர்ந்திருந்தால், கணக்குப் போடுவது கணிப்பொறியாக இருக்கும்போது அந்த எளிமை யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. வடிகட்டியின் இந்த ஓட்டையை அடைக்க இன்னொரு வழியும் உண்டு: வந்த எண்ணை வேகன் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அப்படியொரு வண்டி இருக்கிறதா, என்ன வகை, கடைசியாக எங்கே பதிவாயிற்று என்று பார்ப்பது.

அந்த வழி எங்கள் யார்டிலேயே கிடந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை இன்னும் உறுத்துவது. விசாரணை முடிந்து பழைய புத்தகங்களைக் கட்டி வைக்கும்போது, 31642 என்று உண்மையில் ஒரு வேகன் உண்டா என்று பின்னோக்கிப் புரட்டினேன். ஆறு வாரத்துக்கு முந்தைய பக்கத்தில், காய்ந்த வெயிலில் எழுதிய தெளிவான எழுத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது: 31642, திறந்த வேகன், காலி. கடைசி லைனில் 19 நாள் நின்றதோ கூரையும் கதவும் உள்ள மூடு வேகன்.